பயாலஜி எடுக்காதவங்களுக்கு ஒரு பயாலஜி கோர்ஸ்

பத்தாவது ரிசல்ட் வந்த அன்னிக்கே பயாலஜிக்கு டாட்டா காட்டின ஆளா நீங்க? கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்து, தவளைப் படம், பூவோட குறுக்குவெட்டுத் தோற்றம், பென்சில் சீவிச் சீவி வரைஞ்ச ரெக்கார்டு நோட்டு எல்லாத்திலிருந்தும் தப்பிச்சு நேரா இன்ஜினியரிங்ல வந்து விழுந்தவரா? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பயோ-மேத்ஸ் எடுத்து நீட் எழுதிட்டு இங்கே வந்தவங்க தாராளமா அடுத்த பக்கத்துக்குப் போகலாம். போகலைன்னா, கூடவே உட்கார்ந்து பிழை இருக்கான்னு பாருங்க.

எலெக்டிவ் ஃபார்ம் கையில வரும்போது நம்ம எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எது ஈஸி?" அந்த லிஸ்ட்ல என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ்கள் வரிசையா இருக்கும். அதுல பயாலஜி பேர் போட்டதைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க கை தானா கீழே இறங்கிடும். அப்படி இறங்க வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

அறிவியல் படிக்காதவங்களுக்குன்னே, இல்லைன்னா அறிவியல்ல பயாலஜியை மட்டும் விட்டவங்களுக்குன்னே, அறிமுக கோர்ஸ்கள் உலகம் முழுக்க நடக்குது. அமெரிக்கால வரலாறு படிக்கிற மாணவனும் ஒரு அறிவியல் பாடம் முடிச்சாத்தான் பல காலேஜ்ல டிகிரி. பாஸ்டன் பக்கத்துல இருக்கிற எம்ஐடியில (நம்ம குரோம்பேட்டை எம்ஐடி இல்லைங்க) 1990-களிலிருந்து எந்தத் துறை மாணவரா இருந்தாலும் அறிமுக பயாலஜி கட்டாயம். மெக்கானிக்கலா, கணக்கா, பொருளாதாரமா, எதுவும் விதிவிலக்கு இல்லை. நம்ம ஊர்ல ஏஐசிடிஇ 2018-ல வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்துலயும் சில துறைகளுக்கு இன்ஜினியர்களுக்கான பயாலஜி இருக்கு.

இப்போ வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியதுல எனக்குத் தெரிஞ்சு ரெண்டு முக்கியம். ஒண்ணு, ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர்கள் சுரேஷ்குமாரும் மதுலிகா தீட்சித்தும் என்பிடெல்ல நடத்தின 'பயாலஜி ஃபார் இன்ஜினியர்ஸ் அண்ட் அதர் நான்-பயாலஜிஸ்ட்ஸ்'. பேரே நம்மளைக் கூப்பிடுது. இன்னொண்ணு, எம்ஐடியிலிருந்து எடெக்ஸ் தளத்துல 2013-ல முதல் முறையா வந்த 'இன்ட்ரொடக்ஷன் டு பயாலஜி: தி சீக்ரெட் ஆஃப் லைஃப்'. நடத்துறவர் எரிக் லேண்டர். இவர் மனித ஜீனோம் திட்டத்தை முன்னின்று நடத்தினவங்கள்ல ஒருத்தர். ஆனா டாக்டர் பட்டம் வாங்கினது கணிதத்துல. பயாலஜியை அப்புறமாத்தான் கத்துக்கிட்டார். அவர் பாடம் எடுக்கிற விதத்துலயே அது தெரியும். "இதை மனப்பாடம் பண்ணு" இல்லை. "இது எப்படித் தெரியும், எந்த சோதனை பண்ணிக் கண்டுபிடிச்சாங்க"ன்னுதான் ஒவ்வொரு தடவையும் போவார்.

பள்ளிக்கூட பயாலஜிக்கும் இதுக்கும் இருக்கிற வித்தியாசமே அதுதான். அங்கே மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்னு எழுதினா ஒரு மார்க். இங்கே கேள்வி வேற மாதிரி வரும். உதாரணத்துக்கு ஒண்ணு: செல் ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு? நீங்க வளர்ந்தப்போ செல்களோட எண்ணிக்கைதான் கூடினது. யானைக்கும் எலிக்கும் செல் அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஏன்?

இதுக்கு விடை நம்ம படிச்ச டிஃப்யூஷன்ல இருக்கு. ஒரு மூலக்கூறு தண்ணியில தானா பரவ எடுத்துக்கிற நேரம் தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். ஆக்ஸிஜனுக்கு அந்தக் குணகம் சுமார் 2×10⁻⁹ சதுர மீட்டர்/வினாடி. பத்து மைக்ரோமீட்டர், அதாவது ஒரு செல் அகலம், போக எவ்வளவு நேரம்? தூரத்தோட வர்க்கத்தை 2டி-யால வகுத்துப் பாருங்க: 0.025 வினாடி. சரி, இப்போ ஒரு சென்டிமீட்டர் போகணும்னா? 25,000 வினாடி. கிட்டத்தட்ட ஏழு மணி நேரம்! தூரம் ஆயிரம் மடங்கு, நேரம் பத்து லட்சம் மடங்கு. உங்க சுண்டுவிரல் நுனிக்கு ஆக்ஸிஜன் தானா பரவி வரணும்னா வந்து சேராது. அதனாலதான் பம்ப்பும் பைப்லைனும் தேவைப்படுது. இதயம், ரத்தக்குழாய், முடிச்சவிழ்க்க முடியாத அளவுக்குப் பின்னின தந்துகிகள் எல்லாமே இந்த ஒரு வர்க்கச் சமன்பாட்டுக்குப் பதில். பத்தாவதுல இதயத்தோட நாலு அறையையும் கலர் அடிச்சு வரைஞ்சோம். அது எதுக்கு இருக்குன்னு இப்படி யாராவது அப்பவே ஒரு வரி சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

கோர்ஸோட நடுப்பகுதி முழுக்க டிஎன்ஏ. இங்கேதான் சிஎஸ், இசிஇ ஆளுங்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். நாலு எழுத்து: ஏ, டி, ஜி, சி. நாலு எழுத்துன்னா ஒரு எழுத்துக்கு ரெண்டு பிட். மனித ஜீனோம் சுமார் 300 கோடி எழுத்து. அப்போ 600 கோடி பிட், 750 மெகாபைட். ஒரு படம் டவுன்லோட் பண்ற சைஸ். அதுலயும் புரதம் தயாரிக்கச் சொல்ற பகுதி ரெண்டு சதவீதத்துக்கும் கம்மி.

புரதங்களைக் கட்ட 20 வகை அமினோ அமிலம் வேணும். நாலு எழுத்தை வச்சு இருபதை எப்படிக் குறிக்கிறது? ஒரு எழுத்துக் குறியீடுன்னா 4 தான் முடியும். ரெண்டு எழுத்துன்னா 16, பத்தாது. மூணு எழுத்துன்னா 64, போதும். 1954-லயே இப்படி யோசிச்சவர் ஜார்ஜ் காமோவ், ஒரு இயற்பியலாளர். எது எதைக் குறிக்குதுன்னு கண்டுபிடிச்ச கதை இன்னும் அழகு. 1961-ல நிரென்பெர்க்கும் மத்தேயும் யு எழுத்து மட்டுமே திரும்பத் திரும்ப வர்ற ஒரு ஆர்என்ஏவை (ஆர்என்ஏவுல டிக்கு பதிலா யு) செல்லுக்குள்ள இருக்கிற சாறுல போட்டாங்க. வெளியே வந்த புரதத்துல ஃபினைல்அலனின் மட்டும்தான் இருந்தது. ஆக, யுயுயு என்றால் ஃபினைல்அலனின். தெரியாத பிளாக் பாக்ஸுக்கு தெரிஞ்ச இன்புட் கொடுத்து அவுட்புட்டைப் படிக்கிறது. நாம லேப்ல பண்றதுதானே! மிச்ச அட்டவணையை நிரப்பினதுல ஹர்கோபிந்த் குரானாவுக்குப் பெரிய பங்கு. 1968-ல நோபல்.

64-ல மூணு 'நிறுத்து' குறி. மிச்சம் 61 குறியீடும் 20 அமிலத்துக்கு. அதாவது ஒண்ணுக்கு மேல ஒண்ணு கூடுதலா இருக்கு. ஜிஏஜி, ஜிஏஏ ரெண்டுமே குளூட்டமிக் அமிலம். கடைசி எழுத்து மாறினா ஒண்ணும் ஆகாது. ஆனா நடு எழுத்து மாறி ஜிடிஜி ஆச்சுன்னா அது வேலின். ஹீமோகுளோபினோட பீட்டா சங்கிலியில ஆறாவது இடத்துல இந்த ஒரே ஒரு எழுத்து மாறினதுதான் அரிவாள் செல் நோய். 300 கோடியில ஒண்ணு. இந்தியாவுல இந்த மரபணு மாற்றம் முதல்ல பதிவானது எங்கே தெரியுமா? 1952-ல, நம்ம நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்ட. பாடப்புத்தகத்துல ஆப்பிரிக்கா படம் போட்டிருக்கும், நாமும் அது அங்கே மட்டும்னு நினைச்சிருப்போம்.

காப்பி எடுக்கிறப்போ தப்பு வராதா? வரும். டிஎன்ஏவை நகலெடுக்கிற நொதி கிட்டத்தட்ட லட்சம் எழுத்துக்கு ஒரு தப்பு பண்ணும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு செல்லுல ரெண்டு செட், 600 கோடி எழுத்து. செல் ஒவ்வொரு தடவை பிரியும்போதும் 60,000 தப்பு! அதனால அந்த நொதியே பின்னால திரும்பிப் பார்த்து தப்பை அழிச்சு எழுதும். அதுக்கப்புறமும் தப்பினதைப் பிடிக்க இன்னொரு பழுதுபார்ப்புக் குழு பின்னாடியே வரும். எல்லாம் முடிஞ்சா நூறு கோடிக்கு ஒண்ணு அளவுக்குக் குறையும். எரர் கரெக்ஷன் பேப்பர்ல அரியர் வச்சிருக்கிறவங்க இதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

இந்த மூணெழுத்துக் குறியைப் படிச்சு புரதமா கோக்கிற இயந்திரத்துக்கு ரைபோசோம்னு பேரு. அதோட அமைப்பைக் கண்டுபிடிச்சதுக்காக 2009-ல நோபல் வாங்கின மூணு பேர்ல ஒருத்தர் வெங்கி ராமகிருஷ்ணன், சிதம்பரத்துல பிறந்தவர். இயற்பியல்ல பிஎச்டி முடிச்ச பிறகு மறுபடியும் மாணவரா சேர்ந்து முதல்லேருந்து பயாலஜி படிச்சவர். "இனிமே எப்படி"ன்னு கேட்கிறவங்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அத்தை பொண்ணு, மாமா பையன்

இதுவரைக்கும் சொன்னது சுவாரசியத்துக்கு. இனிமே சொல்லப்போறது வீட்டுல பேச வேண்டியது.

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல நடக்கிற கல்யாணங்கள்ல கால்வாசிக்கும் மேல சொந்தத்துலதான் நடக்குது. இதைப் படிக்கிற உங்கள்ல சிலருக்கு முறைப்பொண்ணோ முறைமாமனோ இப்பவே பேசி வச்சிருப்பாங்க. "சொந்தத்துல கட்டினா குழந்தைக்குக் குறை வரும்"னு ஒரு பக்கம், "எங்க தலைமுறைல எல்லாரும் அப்படித்தான் கட்டினோம், யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு பாட்டி இன்னொரு பக்கம். யார் சொல்றது சரி? நிகழ்தகவு பாடத்துல ரெண்டாவது யூனிட் தெரிஞ்சா போதும், கணக்குப் போட்டுடலாம்.

நம்மகிட்ட ஒவ்வொரு மரபணுவுக்கும் ரெண்டு பிரதி இருக்கு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு. சில நோய்கள் ரெண்டு பிரதியும் பழுதானா மட்டும்தான் வரும். ஒண்ணு மட்டும் பழுதுன்னா அந்த ஆள் நல்லாவே இருப்பார். அவரை கேரியர்னு சொல்றாங்க. அரிவாள் செல், தலசீமியா எல்லாம் இந்த வகை.

உங்க அம்மாவைப் பெத்த பாட்டிக்கு அப்படி ஒரு பழுதான பிரதி இருக்குன்னு வச்சுக்கோங்க. அது உங்க அம்மாவுக்கு வந்திருக்க வாய்ப்பு 1/2. உங்களுக்கு 1/4. அதே மாதிரி மாமாவுக்கு 1/2, மாமா பொண்ணுக்கு 1/4. நீங்க ரெண்டு பேரும் கேரியரா இருக்க 1/4 × 1/4 = 1/16. அப்படி இருந்தா, பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் ரெண்டு பழுதும் சேர 1/4. மொத்தம் 1/64. சொந்த தாய்மாமனையே கட்டினா? மாமனுக்கு 1/2, பொண்ணுக்கு 1/4, குழந்தைக்கு 1/4. 1/32, அதாவது ரெண்டு மடங்கு.

அசலுல கட்டினா? ஊர்ல நூத்துல ஒருத்தர் அந்த நோயோட கேரியர்னு ஒரு பேச்சுக்கு வச்சுப்போம். 1/4 × 1/100 × 1/4 = 1/1600. 1/64-க்கும் 1/1600-க்கும் 25 மடங்கு வித்தியாசம்.

ஆனா இந்த 25 மடங்கை மட்டும் எடுத்துட்டுப் போய் பாட்டிகிட்ட சண்டை போடாதீங்க. அது பாட்டிகிட்ட ஒரு குறிப்பிட்ட பழுது இருந்தாத்தான். பொதுவாப் பார்த்தா, எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையோட குழந்தை பிறக்க 2-3 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அத்தை-மாமா பிள்ளைங்க கல்யாணத்துல அதோட இன்னொரு 2-3 சதவீதம் சேரும். அதாவது நூத்துக்குத் தொண்ணூறுக்கும் மேல குழந்தைங்க நல்லாத்தான் பிறப்பாங்க. "யாருக்கு என்ன ஆச்சு"ன்னு பாட்டி கேட்கிறதும் பொய் இல்லை, டாக்டர் எச்சரிக்கிறதும் பொய் இல்லை. ஒரு குடும்பத்தைப் பார்த்து ரெண்டு சதவீதத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையா சொந்தத்துக்குள்ளயே கட்டியிருந்தா கணக்கு இன்னும் ஏறும். குடும்பத்துல ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு இந்த மாதிரி நோய் இருந்தா, பேச்சு எடுக்கிறதுக்கு முன்னாடியே ரத்தப் பரிசோதனையும் மரபியல் ஆலோசனையும் பார்க்கிறது நல்லது. தலசீமியா, அரிவாள் செல் ரெண்டுலயும் கேரியரா இல்லையான்னு ரத்த டெஸ்ட்லயே தெரிஞ்சிடும்.

இன்னொரு விஷயம், இது குவிஸ்லயும் நிச்சயம் வரும். 1/4 என்றால் "நாலு குழந்தையில ஒண்ணுக்கு" இல்லை. முதல் குழந்தைக்கு வந்துட்டது, அதனால அடுத்த மூணும் தப்பிச்சதுன்னு நினைக்கிற வீடுகள் இருக்கு. ஒவ்வொரு தடவையும் காசு புதுசா சுண்டப்படுது. காசுக்கு ஞாபகசக்தி கிடையாது.

அப்புறம் சுகர் ரிப்போர்ட். எங்க தாத்தா சுகர் டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் காபியில சர்க்கரையை நிறுத்திட்டு, "பாரு, நார்மல்"னு காட்டுவார். எச்பிஏ1சி டெஸ்ட்ல மட்டும் அந்தத் தந்திரம் பலிக்காது. ரத்தத்துல சுத்துற குளுக்கோஸ், எந்த நொதியோட உதவியும் இல்லாம ஹீமோகுளோபின்ல போய் ஒட்டிக்கும். சிவப்பணு வாழ்றது சுமார் 120 நாள். ஒட்டினது அது சாகிற வரைக்கும் இருக்கும். அதனால எவ்வளவு சதவீதம் ஒட்டியிருக்குன்னு பார்த்தா கடந்த ரெண்டு மூணு மாசத்தோட சராசரி தெரியும். சிக்னல்ஸ் படிச்சவங்களுக்கு ஒரே வார்த்தை: லோ-பாஸ் ஃபில்டர். ரெண்டு நாள் பத்தியம் அதுல தெரியவே தெரியாது. 6.5-க்கு மேலன்னா சர்க்கரை நோய், 5.7-லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு. அரிவாள் செல் மாதிரி சிவப்பணு சீக்கிரமே உடையுற நோய் இருந்தா? ஒட்டிக்கவே நேரம் பத்தாது, ரிப்போர்ட் பொய்யா குறைச்சுக் காட்டும். ஃபில்டரோட டைம் கான்ஸ்டன்ட் மாறிட்டா அவுட்புட்டை நம்ப முடியாதுல்ல, அதேதான்.

குறை இல்லாம இல்லை

பெரிய குறை, லேப் கிடையாது. எம்ஐடி கோர்ஸ்ல ஸ்டார்ஜெனடிக்ஸ்னு ஒரு சிமுலேட்டர் கொடுப்பாங்க, அதுல ஈக்களை இணை சேர்த்து குட்டி ஈக்களை எண்ணி எந்த மரபணு எப்படிப் போகுதுன்னு நாமே கண்டுபிடிக்கலாம். நல்லா இருக்கும். ஆனாலும் கையில எதுவும் ஒட்டாத பயாலஜி ஒரு மாதிரிதான் இருக்கு. ஹாஸ்டல்லயே பண்ணக்கூடிய ஒண்ணு சொல்றேன். பழுத்த வாழைப்பழத்தை மசிச்சு, கொஞ்சம் உப்பு, பாத்திரம் தேய்க்கிற லிக்விட், தண்ணி சேர்த்து மெதுவா கலக்கி, துணியில வடிகட்டுங்க. பிசிபி துடைக்க நம்ம லேப்ல வச்சிருக்கிற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை (கேட்டு வாங்குங்க, அடுப்பு பக்கத்துல வேண்டாம்) நல்லா குளிர வச்சு, டம்ளர் ஓரமா மெல்ல ஊத்துங்க. நடுவுல வெள்ளையா நூல் நூலா மிதந்து வரும். அதுதான் டிஎன்ஏ. சோப்பு செல்லோட கொழுப்புச் சுவரை உடைக்குது, உப்பு டிஎன்ஏவோட எதிர்மின்சுமையை மூடுது, ஆல்கஹால்ல டிஎன்ஏ கரையாது. மூணு வரி, மூணு காரணம்.

ரெண்டாவது குறை நம்ம பக்கம். என்பிடெல்ல வாராவாரம் அசைன்மென்ட் வரும்; அதோட விடையும் அன்னிக்கே குரூப்புக்கு வந்துடும். யார் கேட்கப் போறாங்க? ஆனா மார்க் பிரியுற விதத்தைப் பாருங்க: அசைன்மென்ட்டுக்கு 25, செமஸ்டர் கடைசியில சென்டர்ல போய் எழுதுற தேர்வுக்கு 75. அந்த 75-ல 30-ஆவது தனியா எடுக்கணும். 25-க்கு 25 வாங்கி, ஹால்ல உட்கார்ந்து முழிச்சவங்களை நம்ம மெஸ்லயே பார்க்கலாம். அதைவிட, காப்பி அடிச்ச வாரங்கள்ல போனது மேல சொன்ன பாட்டி கணக்கும் தாத்தா ரிப்போர்ட்டும்தான். டிகிரிக்கு எவ்வளவோ பேப்பர் அப்படிக் கடந்துட்டோம், இதையாவது விட்டு வைங்க.

சேர நினைக்கிறவங்களுக்கு: என்பிடெல்ல சேர்றது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை தொடங்கும். எந்தக் கோர்ஸ் எந்த செமஸ்டர்ல ஓடுதுன்னு லிஸ்ட்டைப் பாருங்க, எல்லாமே எல்லா தடவையும் வராது. க்ரெடிட் மாத்திக்கணும்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி எச்ஓடி கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க. எடெக்ஸ் கோர்ஸ்ல சான்றிதழுக்குத்தான் காசு. அதுவும் வேண்டாம்னா எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர்ல 'ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் பயாலஜி' முழுசா இருக்கு, வீடியோ, கேள்வித்தாள், விடை உட்பட, லாகின்கூட கேட்காது. மரபியல் பகுதியிலிருந்தே ஆரம்பிச்சாலும் பரவாயில்லை. முதல் ரெண்டு வாரம் வேதியியல் கொஞ்சம் கனமா இருக்கும், பன்னிரண்டாவது கெமிஸ்ட்ரி புத்தகத்துல உயிர்வேதி மூலக்கூறுகள் பாடத்தை ஒரு தடவை புரட்டிட்டு உட்காருங்க. புத்தகத்தை எடைக்குப் போட்டிருந்தா, ஜூனியர் யாராவது வச்சிருப்பாங்க.